பற்றாயி விட்ட வால்

அந்தக் காலத்தில், உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் ஒரு வீடாக இருந்து, அதில் குடியிருந்த புரதங்களெல்லாம் ஓயாமல் வாயாடிக்கொண்டிருந்த காலத்தில், பற்றாயி என்றொருத்தி இருந்தாள். அந்த வீட்டின் உள்ளறையில் பெரிய ஏடு ஒன்று உண்டு. அது வாசலைத் தாண்டாது. வேண்டியதை மட்டும் நீளமான ஒரு நூலிழையில் பிரதி எடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்தச் சேதிநூலைத் தடவித் தடவிப் படித்துத்தான் சமையல்காரர்கள் வீட்டுக்கு வேண்டியதைச் செய்வார்கள். நூலின் வாலைப் பிடித்துக்கொள்வது பற்றாயியின் வேலை. அவள் கையிலிருக்கும் வரை நூலுக்கு அழிவில்லை. உடும்புப்பிடிக்காரி என்று வீடே சொல்லும். அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அதே வீட்டில் வெட்டாண்டி என்றொருவன். நூலை நறுக்கத் தெரிந்தவன். நறுக்கத்தான் யாரும் விட்டதில்லை. தண்டச்சோறு என்ற பேர்தான் அவனுக்கு மிச்சம்.

ஒருநாள் கிருமிகள் படைதிரட்டி வந்துவிட்டன. உள்ளறையிலிருந்து புத்தம்புதுச் சேதி பறந்து வந்தது: "சூடேற்று." பற்றாயி பாய்ந்து வாலைப் பிடித்தாள். சமையல்காரர்கள் படித்தார்கள், சூடு ஏறியது, கிருமிகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. வீடு முழுக்க ஒரே கும்மாளம். பற்றாயிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆனால் சேதி அழியவில்லையே. சமையல்காரர்கள் மறுபடி படித்தார்கள், மறுபடி சூடேற்றினார்கள். போதுமா என்று கேட்கிற வழக்கமே அவர்களுக்கு இல்லை. சுவர் கொதித்தது. பக்கத்து வீடுகளும் கொதித்தன.

வெட்டாண்டி ஓடிவந்தான். "அக்கா, வாலை விடு. நான் நறுக்கிடறேன்."

"போடா. நம்ம உசிரைக் காப்பாத்தின சேதி இது. இதைப் போய் உன்கிட்ட குடுப்பனா?"

"காப்பாத்துச்சு, இல்லேங்கல. இப்ப அதுவே நம்மளைக் கொல்லுதுக்கா. உன் கையைப் பாரு."

பார்த்தாள். கை வெந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. பிடித்த எதையும் அவள் அதுவரை விட்டதில்லை. அப்போது சமையல்காரர் ஒருவர் மயங்கிச் சரிந்தார். விழுந்த பிறகும் அவர் விரல் நூலைத் தடவிப் படித்துக்கொண்டுதான் இருந்தது.

பற்றாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடியை விட்டாள்.

வெட்டாண்டி வாலைக் கொறித்தான் பாருங்கள்! எத்தனை நாள் பசி. வால் குட்டையாயிற்று, நூல் அறுந்தது, எழுத்துகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சமையல்காரர்களின் கை நின்றது.

"எல்லாம் போச்சே" என்று பற்றாயி எழுத்துகளை அள்ளினாள். அவை அவள் விரலிடுக்கில் நழுவி உள்ளறைக்குள் பாய்ந்தன. சற்றைக்கெல்லாம் வேறொரு நூல் வெளியே வந்தது: "ஆறவை." தடவிப் பார்த்தாள். அவள் இத்தனை நேரம் பிடித்திருந்த நூலின் அதே எழுத்துகள், வேறு வரிசையில் கோத்தவை! சிரித்துக்கொண்டே அதன் வாலைப் பிடித்தாள்.

"வெட்டாண்டி, எங்கயும் போயிடாத. பக்கத்துலயே இரு."

அன்று முதல்தான் ஒவ்வொரு சேதியின் வாலருகிலும் பற்றாயி ஒரு பக்கம், வெட்டாண்டி ஒரு பக்கம். அவசரச் சேதிக்கு அற்ப ஆயுசு. அதனால்தான் நேற்று அனலாய்க் கொதித்த உடம்பு இன்று வியர்த்து எழுந்து உட்கார்ந்து, ரசஞ்சோறு கேட்கிறது.