வாசலில் நின்ற காட்டெருமை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் செங்கோடன் என்றொரு காட்டெருமை இருந்தது. சிங்கராசாவின் எல்லைப்படையில் அது பாதி ஆயுளைக் கழித்திருந்தது. ஓநாய்களோடு நடந்த சண்டையில் ஒரு கொம்பு முறிந்துபோனது. அரசர் அதற்கு மாலை போட்டு, கொஞ்சம் தானியமும் கொடுத்து ஓய்வில் அனுப்பிவிட்டார்.

சும்மா படுத்துக் கிடக்கச் செங்கோடனுக்கு மனம் வரவில்லை.

அந்தக் காட்டில் ஒரு சேமிப்புக் கிடங்கு இருந்தது. மழைக்காலத்தில் விலங்குகள் தத்தம் கூடையில் தானியம் போட்டு வைக்கும். அதில் ஒரு பங்கு, இல்லாதவர்களுக்குக் கடனாகப் போய் வட்டியோடு திரும்பி வரும். அதனால் போட்டவர்களுக்குக் கோடையில் கூடுதலாகவே கிடைக்கும்.

‘நல்ல வேலையாக இருக்கிறதே! இதைக் கற்றுக்கொள்ளலாம்’ என்று நினைத்த செங்கோடன், கிடங்கை நடத்திய நரியிடம் போய் வேலை கேட்டது.

“இந்த வயதில் கணக்கு வழக்கா?” என்று சிரிக்கப் போன நரி, முறிந்த கொம்பைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டது. “வாருங்கள், வீரரே! முதலில் வாசலில் நில்லுங்கள். ‘போட்டு வையுங்கள், பத்திரமாக இருக்கும்’ என்று வருகிறவர்களிடம் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் கற்றுத் தருகிறேன்.”

செங்கோடன் வாசலில் நின்றது. எல்லையைக் காத்த வீரனே சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? மான், மயில், முள்ளம்பன்றி எல்லாம் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தன.

“எனக்கு எப்போது கற்றுத் தருவீர்கள்?” என்று செங்கோடன் கேட்கும்போதெல்லாம், “நாளைக்கு” என்றது நரி.

ஒருநாள் பெருமழையில் முயலின் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. குட்டிகள் பட்டினி. தன் தானியத்தைக் கேட்டு ஓடிவந்த முயலை, “கோடை வரட்டும்” என்று நரி துரத்திவிட்டது.

முயல் அழுதுகொண்டே வாசலுக்கு வந்தது. “உங்களை நம்பித்தானே அண்ணா போட்டேன்?”

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. நேராக உள்ளே போய் முயலின் கூடைக்குள் மூக்கை விட்டது. மேலாகக் கொஞ்சம் தினை. அடியில் எல்லாம் வைக்கோல்! அடுத்த கூடையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

“என்ன அநியாயம் இது?” என்று உறுமியது.

“கத்தாதீர்கள்! தானியம் என் மைத்துனன் குகையில் இருக்கிறது. பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றது நரி. “உடம்பைக் கொடுத்து உழைத்தீர்களே, உங்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு மாலை!”

“கொம்பு முறிந்தபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை!” என்றது செங்கோடன். “இவர்களைக் காக்க நான் பட்ட காயத்தைக் காட்டியே இவர்களைக் கொள்ளையடித்தாயா?”

சத்தம் கேட்டு விலங்குகள் கூடின. உடனே நரி ஒப்பாரி வைத்தது. “ஐயோ! பத்திரமாக இருக்கும் என்று உங்களிடம் சொன்னது யார்? இந்த எருமைதானே! இதுதான் திருடன்!”

எல்லோரும் செங்கோடன் மேல் பாய்ந்தார்கள்.

“ஆமாம், சொன்னேன். உள்ளே பார்க்காமலே சொன்னேன். அது என் குற்றம்தான்” என்றது செங்கோடன். “ஆனால் தானியம் இதன் மைத்துனன் குகையில் இருக்கிறது. வாருங்கள், போய்ப் பார்ப்போம். என்னையும் விடாதீர்கள், இதையும் விடாதீர்கள்!”

நரி நைசாக நழுவப் பார்த்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வழியை மறித்தது.

குகையில் தானியம் அகப்பட்டது. ஆனால் நரியின் உறவெல்லாம் தின்றது போகப் பாதிதான் மிச்சம். முதல் பங்கு முயல் குட்டிகளுக்குப் போனது. குறைந்ததை ஈடுகட்ட, அரசர் தனக்குத் தந்த தானியத்தையும் செங்கோடன் கொண்டுவந்து கொட்டியது. அப்படியும் எல்லாருக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை. நரிக் குடும்பத்தைக் காட்டை விட்டே விரட்டினார்கள்.

கிடங்கை முள்ளம்பன்றி ஏற்றுக்கொண்டது. “செங்கோடா, நீ மறுபடியும் வாசலில் நின்றால்தான் எங்களுக்குத் தைரியம்” என்றது மயில்.

“முடியாது!” என்று செங்கோடன் சீறியது. “என்னை இன்னுமா பொம்மையாக நிறுத்தப் பார்க்கிறீர்கள்? நான் தொழில் கற்க வந்தவன். உள்ளேதான் உட்காருவேன்!”

அப்படியே உட்கார்ந்தது. வட்டிக் கணக்கில் தப்புத் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கியது. மறுபடியும் போட்டுப் பார்த்தது. மெல்ல மெல்லத் தொழில் பிடிபட்டது.

அடுத்த மழைக்காலத்தில் மான் ஒரு மூட்டையோடு தயங்கித் தயங்கி வந்தது. “போட்டால் பத்திரமாக இருக்குமா அண்ணா?”

“என்னைக் கேட்காதே” என்றது செங்கோடன். “உள்ளே வா. கூடையைக் கவிழ்த்து நீயே பார்.”

நீதி: உண்மை இன்னதென்று பார்க்காமல், நம் நற்பெயரை இன்னொருவர் பேச்சுக்குப் பிணையாகக் கொடுக்கக் கூடாது.