குவோ ஷிஃபூவின் கையெழுத்து

கதையைச் சொல்வது என் வேலை. முதலில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

சீனாவின் நிங்போ துறைமுக நகரில், கிரேன் செய்யும் ஒரு தொழிற்சாலையில், திருச்சிப் பெண் அங்கயற்கண்ணி வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் கண்ணி. போன புதிதில், வரைபடத்தில் பிழை இருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து சொல்லிவிட்டாள். சொன்னது சரிதான். ஆனால் அதன் பிறகு இரண்டு மாதம் கேன்டீனில் அவள் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. பலர் முன்னால் ஒருவருக்கு இருக்கும் மதிப்பை அங்கே ‘முகம்’ என்பார்கள். பிறர் முகத்தைப் பறிப்பவருடன் யாரும் சேர்ந்து சாப்பிடுவதில்லை.

அங்கே தலைமைப் பொறியாளர் குவோ. தொழில் கற்றுத்தரும் ஆசானுக்குரிய ‘ஷிஃபூ’ என்ற மரியாதைச் சொல்லால்தான் எல்லோரும் அவரை அழைப்பார்கள். ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தது. அவர் செய்த கடைசிக் கிரேன் நாற்பது டன் பாரத்தைத் தூக்கிக் காட்ட வேண்டிய நாள் அது. துறைமுக அதிகாரிகளும் அவருடைய பழைய மாணவர்களும் மேடைக்கு எதிரே நாற்காலிகளில் நிறைந்திருந்தார்கள்.

இன்னும் இருபது நிமிடம்தான். கடைசியாக ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்த கண்ணிக்கு, கிரேனின் கைப்பகுதி வெல்டில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அடியில் பாரத்தைக் கட்ட ஆறு தொழிலாளிகள் தயாராக நின்றார்கள். முந்தைய மாலை அந்த வெல்டைப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்திட்டவர் குவோ.

பக்கத்தில் நின்ற லின்னும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் குவோவின் செல்ல மாணவி.

“அக்கா, வாயைத் திறக்காதீங்க. நான் போய் மின்சாரத்தை நிறுத்திடுறேன். சோதனை நாளைக்குத் தள்ளிப்போகும். அதுக்குள்ள நானே வெல்டு வச்சிடுறேன். யாருக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கண்ணி நேரே குவோவிடம் போனாள். அவரைத் தனியே அழைத்துவந்து, டார்ச்சை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

“ஷிஃபூ, வெல்டில் ஒரு கோடு தெரிகிறது. விரிசலா, நிழலா என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.”

‘நிழல்’ என்று அவர் சொல்லிவிட்டால் மேடையேறி உரக்கச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். பிறகு வருடக்கணக்கில் தனியாகச் சாப்பிட நேர்ந்தாலும் சரி.

குவோ பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. மைக் அணைந்தது. “மின்தடை! சோதனை நாளைக்கு!” என்று யாரோ கத்தினார்கள். வந்தவர்கள் எழத் தொடங்கினார்கள். குவோ ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும், அவர் பிழை வெளியே தெரிந்திருக்காது.

அவர் மேடையேறினார்.

“உட்காருங்கள்!” மைக் இல்லாமலே குரல் கடைசி வரிசை வரை போனது. “மின்சாரம் வந்தாலும் இன்று சோதனை கிடையாது. வெல்டில் விரிசல் இருக்கிறது. நேற்று பார்த்துக் கையெழுத்திட்டவன் நான். என் கண்ணுக்குத் தப்பியதை இந்த இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்திருக்கிறார்.”

லின் முகத்தைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் இருந்த மூத்த அதிகாரி மெல்ல எழுந்து கைதட்டினார். பிறகு கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது.

மூன்றாம் நாள், புது வெல்டோடு கிரேன் நாற்பது டன்னைப் பூப்போலத் தூக்கியது. ஆறு தொழிலாளிகளும் தொப்பிகளை வானத்தில் வீசினார்கள். அன்றைய விருந்தில் குவோ தன் கோப்பையின் விளிம்பைக் கண்ணியின் கோப்பைக்குக் கீழே தாழ்த்தி வாழ்த்தினார். அங்கே சிறியவர்தான் அப்படித் தாழ்த்துவது வழக்கம். பதறிப்போன கண்ணி தன் கோப்பையை இன்னும் தாழ்த்தினாள். அவர் விடவில்லை. இரண்டு கோப்பைகளும் மேசையைத் தொட்ட பிறகுதான் போட்டி ஓய்ந்தது. மண்டபமே சிரித்து ஆர்ப்பரித்தது.

ஆசானின் மதிப்பைக் காக்க மின்சாரத்தை நிறுத்தினாள் லின். தெரிந்ததைச் சந்தேகம் போலக் கேட்டாள் கண்ணி. தப்பிக்க வழி கிடைத்தும் தப்பிக்காமல் பேசினார் குவோ. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: லின்னுக்கு ஆசான் மேல் இருந்தது உண்மையான அன்புதான். ஆனால் அவசரமாக மறைத்த விரிசலுக்கு அடியில் நிற்கப்போகிறவர்களை அவள் நினைக்கவில்லை. குவோவின் துணிவு பெரிது. ஆனாலும் தன் பிழையைத் தானே சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது கண்ணியால்தான். அவள் கூட்டத்தில் கூவியிருந்தால் அவர் அகப்பட்டவராகியிருப்பார். பேசாமல் இருந்திருந்தால் ஆறு உயிர்கள் போயிருக்கலாம். எனவே கண்ணி செய்ததே சரி என்பது என் தீர்ப்பு. குவோவிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.