அடை தெளிந்த அரண்மனை

கோழிக்கும் ராஜாவுக்கும் ஒரே முற்றமாக இருந்த காலம் அது, கேளுங்க மக்கா. வெண்ணிக்கோட்டை ராஜாவுக்குக் காலையில் ஒரு முட்டை அவித்து வைத்தால்தான் கண்ணே திறக்கும். அதுவும் செவலைக்கோழி இட்ட முட்டையாக இருக்கணும்.

அரண்மனைக் கோழிகளுக்கு மாடத்திதான் பொறுப்பு. ஒருநாள் செவலை முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. வெறும் வைக்கோலில் சிலிர்த்துக்கொண்டு அடைக்கு உட்கார்ந்தது. கிட்டே போனால் ஒரே கொத்து!

ராஜாவுக்கு வந்ததே கோபம். "சும்மா உட்கார்ந்து தின்கிறதா? மூன்று நாளில் எழும்பாவிட்டால் கோழி குழம்புக்கு, நீ ஊருக்கு வெளியே!"

மாடத்திக்கு அந்தக் கோழிக்கொட்டிலை விட்டால் ஒண்ட இடம் ஏது?

சபை கூடியது. "தண்ணீரில் முக்கினால் அடை தெளியும்" என்றார் மந்திரி. "மூக்கில் இறகைக் குத்தினால் தெளியும்" என்றார் தளபதி. "கூடையைக் கவிழ்த்துப் பட்டினி போட்டால் தெளியும்" என்றார் வைத்தியர்.

முக்கினார்கள். குத்தினார்கள். கவிழ்த்தார்கள். மூன்று தடவையும் செவலை உடம்பை உதறிவிட்டு வைக்கோலுக்கே போனது.

நாலாம் நாள் சமையல்காரன் கத்தியோடு வந்தான். மாடத்தி கோழியை மடியில் இடுக்கிக்கொண்டு சபைக்கே போய்விட்டாள்.

"மகாராசா, இது இட்டதையெல்லாம் நீங்க தின்னுட்டீங்க. அப்புறம் வெறும் வைக்கோலில் உட்காராம வேறெங்கே உட்காரும்? பதினோரு முட்டை வையுங்க, இருபத்தொரு நாள் கொடுங்க. பொரிக்கலைன்னா எங்க ரெண்டு பேரையும் என்ன வேணா செய்யுங்க. ஆனா இந்த மூணு ஐயாமாரும் உட்கார்ந்துதானே இருக்காங்க? உடைஞ்ச ஏரிக்கரை, கழன்ற கோட்டைக்கதவு, காய்ச்சலுக்குக் கசாயம்... எல்லாம் அப்படியே கிடக்கு. அவங்களுக்கும் அதே கெடு வையுங்க!"

"கோழிக்கும் எங்களுக்கும் போட்டியா!" மூவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

இருபத்தோராம் நாள் கொட்டிலில் கீச்சுக் கீச்சென்று ஒன்பது குஞ்சு. ராஜா சபையைப் பார்த்தார்.

"ஆலோசனையில் இருக்கிறது" என்றார் மந்திரி.

"உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்" என்றார் தளபதி.

"நல்ல நாள் பார்க்கிறேன்" என்றார் வைத்தியர்.

"இது அடையேதான் மகாராசா" என்றாள் மாடத்தி. "வைத்தியத்தை இவங்களே சொல்லியும் வச்சிருக்காங்க."

மந்திரியை ஏரியில் முக்கினார்கள். மூன்றாவது தடவை முக்கியதும் மண்வெட்டி கேட்டார். தளபதி இறகைக் கண்டதுமே கதவு மாட்ட ஓடினார். வைத்தியர்மேல் நெல்லுக்கூடையைக் கவிழ்த்தார்கள்; "அடுப்பைப் பற்றவையுங்கப்பா!" என்று உள்ளிருந்தே கத்தினார்.

மீந்த இறகோடு மாடத்தி சிம்மாசனம் பக்கம் திரும்பினாள். ராஜா சட்டென்று எழுந்துவிட்டார். அன்றிலிருந்து முட்டை எடுக்க அவரே முற்றத்துக்கு வந்தாராம், மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஆகவே மக்கா, உட்கார்ந்திருப்பது குற்றமில்லை, உட்கார்ந்த இடத்தில் ஒன்றும் பொரியாததுதான் குற்றம்.