பத்தடி தள்ளி நின்ற நெருப்பு

"இத்தாலியில் இருபது மாகாணம். இருபதும் சுத்தியாச்சு. இன்னும் நான் என்னத்தைத்தான் குடிக்கணும், சொல்லுங்கம்மா!"

கஸ்பார் கேட்டேவிட்டார்.

தூத்துக்குடிக்காரர். இருபத்திரண்டு வருஷம் உல்லாசக் கப்பலில் ஒயின் ஊற்றிக் கொடுத்த கை. வாயில் ஒரு மிடறு விட்டால் போதும், எந்த ஊர்த் திராட்சை, எந்த வருஷம் என்று புட்டுப்புட்டு வைப்பார்.

எதிரே நின்றவள் நுன்சியா. சிசிலியில், எட்னா எரிமலைச் சரிவில் திராட்சை போடுகிறவள். கஸ்பாரைவிட ஆறு வயது சின்னவள். ஒயின் தெரிந்த பெரிய பெரிய ஆட்கள்கூட அவள் முன்னால் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் சீடன் என்று இதுவரை ஒருத்தரையும் அவள் சேர்த்ததில்லை.

கஸ்பாருக்கு வேண்டியது அவளிடம் சீடனாகச் சேர்வது ஒன்றுதான். ஐம்பத்தொரு வயதில் கப்பல் வேலையை உதறிவிட்டு வந்திருந்தார். மூன்று தடவை சோதித்துப் பார்ப்பேன் என்றாள் நுன்சியா. இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டாள். இன்றைக்குக் கடைசி.

"போன தடவை நான் சொன்னதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்லை."

"பியமோன்தே மாகாணம்னு சொன்னேன். மலை மேட்டுத் தோட்டம்னு சொன்னேன். வருஷத்தைக்கூடச் சொன்னேனே!"

"எல்லாம் சரி."

"அப்புறம் ஏன் போகச் சொன்னீங்க?"

அவள் ஒரு கிளாசை எடுத்துக்கொண்டாள்.

"வாரும்."

ஏறினார்கள். ஏற ஏற மண் போய்க் கல் வந்தது. வழியில் கிடந்ததை எல்லாம் விழுங்கிவிட்டு அப்படியே உறைந்துபோன எரிமலைக் குழம்பு. கன்னங்கரேல் என்று, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, ஒரு புல் பூண்டு இல்லை.

அதன் நடுவில் ஒரு முற்றம் அளவுக்குப் பச்சை. நாற்பது திராட்சைக் கொடிகள்.

"அடேயப்பா! இது மட்டும் எப்படித் தப்பிச்சது?"

"தெரியாது. நெருப்பு இந்தப் பக்கமும் வந்துச்சு, அந்தப் பக்கமும் வந்துச்சு. பத்தடி தள்ளி நின்னுடுச்சு. அந்த வருஷமும் இது காய்ச்சது. எங்கப்பா சூடு ஆறாத கல்மேல பலகை போட்டு நடந்துவந்து பறிச்சார்."

இடுப்புப் பையிலிருந்து உள்ளங்கை அளவுப் புட்டி ஒன்றை எடுத்தாள்.

"அந்த வருஷத்து ஒயின். மிச்சம் இவ்வளவுதான். ஒரு வாய்க்கு வரும்."

கஸ்பாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் கிளாசில் ஊற்றிக் கொடுத்ததை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். வாயில் ஊற்றி, காற்றை உறிஞ்சி, நாக்கின் நாலு பக்கமும் புரட்டினார்.

பிறகு திரும்பி, பொளிச்சென்று துப்பிவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒயின் ருசி பார்க்கிறவர்கள் விழுங்க மாட்டார்கள். விழுங்கினால் பத்தாவது கிளாசில் தலை சுற்றும், நாக்கு பொய் சொல்லும். இருபது மாகாணத்தையும் அவர் அப்படித்தான் சுற்றி வந்தார்.

"வடக்குச் சரிவு," என்றார். "மாதுளந்தோல், புகை, கொஞ்சம் இரும்பு. முப்பது வருஷத்துக்கு மேல ஆனது. இன்னும் கெடலையே, ஆச்சரியம்!"

"சரி," என்றாள் நுன்சியா. "எல்லாம் சரி."

புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது.

"ஐயையோ!"

கருங்கல்லின்மேல் அந்த ஈரம் கிடந்தது. வெயிலில் ஓரம் காய ஆரம்பித்திருந்தது. கஸ்பார் பொத்தென்று முழங்காலில் விழுந்தார். தொட்டார். கல் சுட்டது. அந்தச் சூட்டில் ஒரு மணம் எழுந்தது. கிளாசில் வராத மணம். பழமா, புகையா, மழையா, பிரிக்க முடியவில்லை. பிரிக்கவும் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய மலை பத்தடி தள்ளி நின்று விட்டுக்கொடுத்ததை நினைத்தபோது கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்படியே நெற்றியைக் கல்லில் வைத்தார்.

"என்ன மணம்? சொல்லும்."

கஸ்பார் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

நுன்சியா காலிப் புட்டியை இடுப்புப் பைக்குள் போட்டாள்.

"நாளைக்குக் காலையில பழம் பறிக்கிறோம்," என்றாள். "நீரும் வாரும். உமக்கும் ஒரு கூடை எடுத்து வைக்கிறேன்."