சனிக்கிழமைப் பரீட்சை

குரு என்றால் ஆலமரத்தடியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பௌசியா உட்கார்ந்திருந்தது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில். பழுதான கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வாள். சரிசெய்யக் கற்றும் கொடுப்பாள். வயது முப்பத்திரண்டு. தாடி கிடையாது, தத்துவம் பேசும் வழக்கமும் கிடையாது.

சீடர் சவரிநாதனுக்கு நாற்பத்தாறு வயது. முந்தைய வருஷம் வரைக்கும் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தவர். கழுத்தில் டை, கையில் தோல் பை, வாயில் மாத்திரையின் மகிமை என்று இருபது வருஷம் டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்தார். ஒரு நாள் கம்பெனி, சின்னப் பையன்கள் போதும் என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

பிறகு ஒரு கதவு திறந்தது. அவர் வழக்கமாகப் போய்வந்த ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டுமாம். பழகிய முகம் என்பதால் மேனேஜர் அவரையே கேட்டார். ஒரே நிபந்தனை, மாதம் முடிவதற்குள் கம்ப்யூட்டர் சப்போர்ட் பரீட்சையில் பாஸாகி சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும். மூன்று மாதம் படிக்க வேண்டிய பாடம் அது. சவரிநாதன் பௌசியாவின் வகுப்பில் சேர்ந்து, அவசர அவசரமாகப் பரீட்சைக்குப் பதிவு செய்துவிட்டு அதற்கப்புறம்தான் பாடப் புத்தகத்தின் கனத்தைப் பார்த்தார். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

புதன்கிழமை காலை, மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

“மேடம், சனிக்கிழமை பரீட்சை. பாஸாயிடுவேனா?”

“என்ன படிச்சிருக்கீங்க சார்?”

“புத்தகம் படிக்க நேரம் இல்லை. பழைய கேள்வியும் விடையும் ஒரு நண்பர் அனுப்பினார். அத்தனையும் மனப்பாடம். நீங்க எதை வேணாலும் கேளுங்க.”

இதில் அவர் பொய் சொல்லவில்லை. வாயில் நுழையாத மருந்துப் பெயர்களையெல்லாம் தூக்கத்தில்கூடச் சொல்லும் மனிதர். மனப்பாடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பௌசியா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். “ஒரு கம்ப்யூட்டரை ஆன் பண்ணதும் பீப் பீப்னு சத்தம்...”

“பி.”

“ஒரு ஆபீஸ்ல ஆறு பேருக்கு ஒரு பிரிண்டர்...”

“டி.”

“ஒரு ஆஸ்பத்திரியில...”

“சி.”

பௌசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் இன்னும் கேள்வியையே ஆரம்பிக்கலையே சார்.”

“ஆஸ்பத்திரின்னு தொடங்குற கேள்வி அதுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு மேடம். அதுக்கு விடை சி.”

“சி-ன்னா என்ன?”

சவரிநாதன் கண்ணை மூடி யோசித்தார். “ஆஃப் பண்ணிட்டு மறுபடியும் ஆன் பண்றது.” கண்ணைத் திறந்து ஆசையோடு கேட்டார். “பாஸாயிடுவேன்ல?”

மேசை மேலிருந்த போன் அடித்தது. பௌசியா எடுத்துக் கேட்டாள். ரெண்டு வார்த்தை பேசினாள். வைத்தாள்.

“ஆஸ்பத்திரியில இருந்துதான் கூப்பிடுறாங்க. லேப்ல கம்ப்யூட்டர் நின்னுடுச்சாம். நீங்க வேலைக்குச் சேருற வரைக்கும் நான்தானே போகணும். வாங்க, சேர்ந்தே போயிட்டு வரலாம்.”

குரு ஸ்கூட்டரை ஓட்ட, சீடர் பின்னால் உட்கார்ந்து போனார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த செக்யூரிட்டி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “என்ன சார், ரொம்ப நாளா ஆளையே காணோம், இன்னைக்குப் பையையும் காணோம்?”

“இனிமே பை கிடையாது அண்ணே. நான் இங்கேயே வேலைக்கு வரப்போறேன்,” என்றார் சவரிநாதன். சொல்லும்போதே முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பத்து மாதமாக வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த முதுகு அது. மனைவி ஆரோக்கியமேரி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

லேப்பில் இந்திராணி என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

“அரை மணி நேரமா இப்படியே சுத்துது மேடம்.”

சவரிநாதனுக்கு உள்ளுக்குள் மத்தாப்பு கொளுத்தியது போல இருந்தது. ஆஸ்பத்திரி, நின்றுபோன கம்ப்யூட்டர், விடை சி. “ஹேங் ஆயிடுச்சும்மா. இது ஒரு விஷயமே இல்லை,” என்று சொல்லிக் குனிந்து, மேசைக்குக் கீழே இருந்த பெட்டியின் பட்டனில் விரலை வைத்தார்.

பௌசியா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு இந்திராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“எங்க மேடம், காலையில இருந்து வேலை, இப்ப இதோட மல்லுக்கட்டு.”

“இது நிக்கும்போது என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“ஒரு கொழந்தையோட ரத்த ரிசல்ட்டு மெஷின்ல இருந்து இதுக்கு வந்துட்டிருந்துச்சு. பாதியில நின்னுடுச்சு. ஆஃப் பண்ணா அது போயிடும், மறுபடியும் ரத்தம் எடுக்கணும். நாலு மாசக் கொழந்தை மேடம். நரம்பே கிடைக்கலை. மூணு எடத்துல குத்தினோம். அது அழுத அழுகையில எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.”

கதவுக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பிஞ்சுக் கைகளிலும் காலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

சவரிநாதன் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். சூடான சட்டியைத் தொட்டவர் போல எடுத்தார்.

பௌசியா இன்னும் ரெண்டு மூன்று கேள்விகள் கேட்டாள். காலையில் வேறு யாராவது இங்கே வந்தார்களா என்றாள். தரை துடைத்தார்கள் என்றாள் இந்திராணி. ரத்தம் பார்க்கும் மெஷினைக் கொஞ்சம் நகர்த்தித் துடைத்தார்களாம். பௌசியா எழுந்து மெஷினுக்குப் பின்னால் கையை விட்டாள். பாதி கழன்று தொங்கிய ஒயரை அழுத்திச் சொருகினாள். சிறிது நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழுந்தன.

“அவ்வளவுதானா?” என்றாள் இந்திராணி.

“அவ்வளவுதான். போய்ச் சாப்பிடுங்க.”

திரும்பி வரும்போது கடைவீதி நெரிசலில் வண்டி ஊர்ந்தது. பௌசியா பேச்சை ஆரம்பித்தாள்.

“இருபது வருஷமா ஊர்ல எல்லா டாக்டரையும் பாத்திருக்கீங்க. உங்க கம்பெனி மருந்தை அதிகமா எழுதினது யாரு சார்?”

“தனபால் டாக்டர்தான்.” பழைய நினைவில் சவரிநாதனுக்கு உற்சாகம் வந்தது. “கை ராசி மேடம். நோயாளி நாற்காலியில உட்கார்றதுக்குள்ள மருந்துச் சீட்டு எழுதி முடிச்சிருப்பார். அவரால எனக்குக் கம்பெனியில நாலு தடவை பரிசு கெடைச்சிருக்கு.”

“உங்களைப் பாடாப் படுத்தினது?”

“அங்கயற்கண்ணி அம்மா. ஒரு நோயாளி உள்ள போனா வெளியே வரமாட்டார். எப்ப இருந்து, எங்க, ராத்திரியா பகலா, என்ன தின்னேன்னு வாய் வலிக்கக் கேப்பாங்க. நான் வாசல்லயே தவம் கிடப்பேன். கடைசியில ஒரு மாத்திரைகூட எழுத மாட்டாங்க.”

“உங்க பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தா யாருகிட்ட கூட்டிட்டுப் போவீங்க?”

பெண் பிறந்ததிலிருந்து காலேஜ் போகும் வரைக்கும் அங்கயற்கண்ணி அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் சவரிநாதன் கூட்டிப்போனதில்லை.

“முன்னாடி பள்ளம் இருக்கு, கெட்டியாப் பிடிச்சுக்குங்க,” என்றாள் பௌசியா.

மாடியேறி வந்ததும் அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “சனிக்கிழமை நான் எழுதட்டுமா, வேண்டாமா மேடம்?”

“எழுதுங்க.”

“ஒண்ணும் படிக்கலையே.”

“தெரியுமே.”

“அப்புறம் எப்படி எழுதுங்கன்னு சொல்றீங்க?”

“வேலை உங்களுக்கு வேணுமா வேண்டாமா?”

“வேணும் மேடம். ரொம்ப வேணும்.”

“அப்ப எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ரெண்டு நாளும் சவரிநாதன் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தார். முதல் பாடம் ஒயர்களைப் பற்றியது. எது எதில் போகும், எது எதைச் சுமக்கும் என்று பொறுமையாகப் படித்தார். புரிந்தது. புரிந்ததும் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து, வேலை கிடைத்துவிட்டதோ என்று ஆரோக்கியமேரி கேட்டாள். ஒரு பாடம் முடிந்தது. மிச்சமிருந்த பாடங்களை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் பயம் வரும்.

சனிக்கிழமை மதுரையில் பரீட்சை. மாதா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் கேள்விகள் வந்தன. பாதிக்கு மேல் பழைய முகங்கள்தான். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் விரல் விடைக்குப் போய்விட்டது. நாலு விடை கொடுக்காமல் படம் போட்டு ஒயர்களை இணைக்கச் சொன்ன கேள்வி ஒன்று வந்தது. அதை மட்டும் அவர் நிதானமாகப் பார்த்து, புரிந்தே செய்தார். மற்றதெல்லாம் கிளிப்பிள்ளை வேலை.

கடைசிப் பட்டனை அழுத்தியதும் முடிவு வந்துவிட்டது. பாஸ். மயிரிழையில் பாஸ்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவருடைய கால் தரையில் பாவவில்லை. அரைக் கிலோ அல்வா வாங்கினார். மனைவிக்குப் போன் செய்தார். அவள் அழுதாள். ஆஸ்பத்திரி மேனேஜருக்குப் போன் செய்தார்.

“ரொம்ப சந்தோஷம் சவரி சார். திங்கக்கிழமை காலையில வந்துடுங்க. இனிமே லேப், வார்டு, ஆபரேஷன் தியேட்டர், எல்லாக் கம்ப்யூட்டரும் உங்க பொறுப்புதான். பௌசியா மேடத்தை நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம்.”

பஸ் வாடிப்பட்டியைத் தாண்டும்போது முன் சீட்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. சவரிநாதனுக்குச் சந்தோஷம் அத்தோடு இறங்கிப் போனது.

அவர் மாடியேறி வந்தபோது வகுப்பு முடிகிற நேரம். நிரஞ்சனா என்ற மாணவி மட்டும் இருந்தாள். போன மாதம் இதே பரீட்சையில் ஃபெயிலானவள். பேயறைந்த மாதிரி வந்து நின்றவரைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“விடுங்க அங்கிள்,” என்று ஆறுதலாகச் சொன்னாள். “மொத தடவை எல்லாருக்கும் அப்படித்தான். நான் ரெண்டு நாள் சாப்பிடலை. அப்புறம் பசிச்சுது, சாப்பிட்டேன்.”

“பாஸாயிட்டேம்மா.”

நிரஞ்சனா விழித்தாள். “அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

சவரிநாதன் அல்வாப் பொட்டலத்தை மேசை மேல் வைத்தார். பௌசியா பிரித்தாள். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். இன்னொன்றை நிரஞ்சனாவிடம் நீட்டினாள்.

“வாழ்த்துகள் சார். வேலைக்கு எப்ப?”

“திங்கக்கிழமை.” பிறகு மெல்லச் சொன்னார். “மேடம், பயமா இருக்கு. ஃபெயிலாகியிருந்தாக்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். சர்டிபிகேட்டைத் திருப்பிக் குடுத்துடட்டுமா?”

“வீட்ல என்ன சொன்னாங்க?”

“அழுதா. சந்தோஷத்துல.”

“அப்ப எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?” பௌசியா விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “நாளைக்கு மாதா கோயில் பூசை முடிஞ்சதும் நேரா இங்க வந்துடுங்க. ரெண்டாவது பாடத்துல இருந்து ஆரம்பிப்போம். அப்புறம் தினமும் டியூட்டி முடிஞ்சதும் வாங்க. முழுப் புத்தகமும் முடியணும். அதுவரைக்கும், தெரியாதது எது வந்தாலும் தொடுறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணுங்க.”

நிரஞ்சனாவுக்கு அல்வா தொண்டையில் நின்றது.

“இது என்ன மேடம் நியாயம்? ஃபெயிலான எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு. மெதுவாப் படின்னு சொன்னீங்க. பாஸானவருக்கு லீவு நாள்லயும் வகுப்பா?”

பௌசியா சவரிநாதனைப் பார்க்கவில்லை. நிரஞ்சனாவைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னாள்.

“நீ மெதுவாவே படிக்கலாம்டா. ஃபெயிலானவங்களை நம்பி யாரும் போன் பண்ண மாட்டாங்க.”