சிம்மாசனம் ஏறிய வாசப்படி

மஞ்சனூர் ராசா பூபதிராயர் உட்கார்ந்தால் எந்தச் சிம்மாசனமும் தாங்காது. அவர் எடை ஒரு காரணம். அரண்மனைத் தச்சர்கள் அவசரத்தில் பச்சை மரத்தை அறுத்துச் செய்தது இன்னொரு காரணம். பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும். ஒருநாள் சபை நடுவே 'படீர்' என்று பிளந்தது. கால் மேலே, கிரீடம் கீழே என்று கிடந்தார் ராசா.

சபையே பதறி ராசாவைத் தூக்க ஓடியது. அமைச்சர் பேரம்பலத்துக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டம். காத்திருந்த நேரம் வந்துவிட்டதே!

பேரம்பலம் யாருக்கும் குனியாத ஆள். ராசாவுக்கே தாடையை மட்டும்தான் அசைப்பார். "அமைச்சர் உலக்கையை விழுங்கிவிட்டார், பாவம்" என்று சபையில் வேடிக்கை பேசும் நல்லகுத்தாலம் ஒருமுறை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதை அமைச்சர் மறக்கவில்லை. மறக்காததில் தப்பில்லை. தச்சு வேலை பார்க்கும் நானும்தான் என் உளியை இரவல் வாங்கிப் போனவனை மறக்கவில்லை. ஆனால் பழிவாங்க ஒருவன் வீட்டு வாசலிலா கைவைப்பது?

"அரசே, பழைய மரம்தான் நிற்கும்" என்றார் பேரம்பலம். "நம் நல்லகுத்தாலம் வீட்டு வாசல் நிலை அவன் பாட்டன் காலத்துத் தேக்கு. இனிச் சுருங்காது, வளையாது."

"பெயர்த்து எடுங்கள்" என்றார் ராசா, இடுப்பைத் தடவிக்கொண்டே.

நல்லகுத்தாலம் நிலையைப் பெயர்க்க வந்த தச்சரிடம், "அண்ணாச்சி, கீழே இருக்கும் வாசப்படிக் கட்டைதான் நல்ல அகலம். அதையே உட்காரும் பலகையாகப் போடுங்க" என்றான்.

அன்று மாலை அவன் வீட்டில் வாசல் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. எதிர்வீட்டு ஆடு நேராக அடுப்படிக்குப் போய் ஊறவைத்த அரிசியைத் தின்றது.

"ஏங்க, இது வீடா சத்திரமா? வாசப்படி இல்லாத வீட்டில் நான் எங்கே விளக்கு வைப்பேன்?" என்று கத்தினாள் அவன் மனைவி ஆவுடை.

"வெள்ளிக்கிழமை வாசப்படிக்கு மஞ்சள் பூசுவாயே, ஆவுடை?"

"பூசாமல்?"

"போய்ப் பூசு. வாசப்படி இப்போது அரண்மனையில் இருக்கிறது."

வெள்ளிக்கிழமை வந்தது. புதுச் சிம்மாசனத்தில் ராசா கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அது முனகக்கூட இல்லை. அப்போது மஞ்சள் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள் ஆவுடை.

"மகாராசா, கொஞ்சம் எந்திரிங்க."

"எதற்கம்மா?"

"எங்க வாசப்படிக்கு மஞ்சள் பூசணும். வாசப்படியில் உட்காரலாமா? இரணியனை நரசிங்கம் எங்கே வைத்து வயிற்றைக் கிழித்தார்?"

ராசா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தார். ஆவுடை மஞ்சளைப் பூசி, குங்குமம் வைத்து, சிம்மாசனக் காலருகே ஒரு கோலமும் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பாளையக்காரர் முத்துத்தட்டோடு வந்தார். ராசா சிம்மாசனத்துக்குப் பின்னால் நின்றபடியே கையை நீட்டினார்.

"ஐயையோ! படிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று கொடுக்கல் வாங்கல் செய்யாதீங்க! வந்த லட்சுமி திரும்பிப் போயிடுவா!" என்று அலறினாள் ஆவுடை.

பாளையக்காரர் பதறி ராசா பக்கம் ஓடினார். ராசா பதறிப் பாளையக்காரர் பக்கம் ஓடினார். இப்படியே இருவரும் சிம்மாசனத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கோலம் அழிந்தது. முத்து உருண்டது. பேரம்பலம் மட்டும் குனிந்து ஒரு முத்தைக்கூடப் பொறுக்கவில்லை.

"நல்லகுத்தாலம்! என்னய்யா இதெல்லாம்?" என்று தரையில் விரித்த சமுக்காளத்தில் உட்கார்ந்து மூச்சிரைத்தார் ராசா.

"பழைய மரம் கேட்டீர்கள் அரசே. பழைய மரம் வந்தால் அதன் பழைய மரியாதையும் கூடவே வரும்."

ராசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "போதும். உன் நிலையை நீயே எடுத்துக்கொள்."

"அறுத்த கட்டை ஒட்டாதே, அரசே."

"அப்படியானால் யோசனை சொன்னவர் வீட்டு நிலையைப் பெயர்த்து உன் வீட்டில் வைத்துவிடலாம். அதுவும் பழைய தேக்குதானே, பேரம்பலம்?"

அமைச்சர் முகம் கறுத்தது. "அப்போது என் வீட்டுக்கு வாசல்?"

"அமைச்சர் கலங்க வேண்டாம்" என்றான் நல்லகுத்தாலம். "இந்தச் சிம்மாசனத்தைப் பிரித்து அவருக்கு நிலை செய்துவிடலாம். நல்ல மரம், வீணாகக் கூடாது. என்ன, கால்களுக்காக அறுத்த கட்டை. இடுப்பு உயரம்தான் வரும்."

ராசா விழுந்து விழுந்து சிரித்தார். இந்தமுறை தரையில் சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்ததால் அடிபடவில்லை. சிதறி உருண்ட முத்துக்களெல்லாம் நல்லகுத்தாலத்துக்கே என்றார்.

அன்று சாயங்காலம் பேரம்பலம் தன் வீட்டுப் புது நிலைக்குள் எப்படிக் குனிந்து போகிறார் என்பதைப் பார்க்கத் தெருவே கூடியிருந்தது. என்னைக் கேட்டிருந்தால் இன்னும் ஒரு சாண் குறைக்கச் சொல்லியிருப்பேன்.