பொட்டு வைத்த கடிகாரம்

பனியன் தைக்கிற ஊர் ஒன்றுக்கு ஒரே லாரியில் இரண்டு கடிகாரங்கள் வந்து இறங்கின. பெரியது கம்பெனிச் சுவருக்குப் போனது. சின்னது, ஆயுத பூஜையன்று பொரிப் பொட்டலத்தோடு பொன்னரசி என்ற தொழிலாளியின் கைக்கு வந்து, அவள் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்தது.

இரண்டையும் யாரும் திருகித் திருத்த வேண்டியதில்லை. எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு தாய்க் கடிகாரம் அணுவின் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது. அது சொல்லும் நேரம் வானத்துக்குப் போய், அங்கிருந்து ஊரெங்கும் இறங்கும். பிள்ளைக் கடிகாரங்கள் அந்தக் குரலைக் கேட்டு, தங்கள் முள்ளைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். ஆகவே அவை பொய் சொல்லாது என்று எல்லாரும் நம்பினார்கள்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. முன்பு கம்பெனியில் இருந்த கடிகாரத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் வலிக்கும். முள்ளைப் பின்னால் தள்ளி வேலை நேரத்தை நீட்டும் சூப்பர்வைசர் தனபாலின் விரல்தான் அதன் நோய். பெண்கள் அதைக் கண்டுபிடித்து, ஒரு நாள் மெஷின்களை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு லாரிக்குக் காத்திருந்த நேரம். முதலாளி பயந்துபோய்ப் புதுக் கடிகாரம் வாங்கினார்.

"இனி ஒருத்தரும் இதத் தொட முடியாது. தொட்டாலும் வானம் சரி பண்ணிரும்," என்றார் முதலாளி.

பெண்கள் கைதட்டினார்கள். பொன்னரசி விரலை மடக்கி விசிலே அடித்தாள்.

கடிகாரத்தை விற்றவன் தனபாலிடம் மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்லியிருந்தான். தகரத்துக்குள் வைத்துவிடாதீர்கள், உள்ளே வானத்தின் குரல் கேட்காது என்று. தனபால் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டான். மறுநாளே பெண்களிடம் வந்து நின்றான்.

"பஞ்சுத் தூசி பறக்கற எடம். நீங்க சண்டை போட்டு வாங்குன சாமான். இப்படியேவா உட்டுடறது? ஒரு பெட்டி செஞ்சு வெச்சுரலாமுங்களா?"

அவன் 'ங்க' போட்டுப் பேசியதிலேயே பாதிப் பேர் உருகிவிட்டார்கள். நான்கு பக்கமும் தகரம், முன்னால் மட்டும் கண்ணாடி, ஒரு பூட்டு. ஆயுத பூஜையன்று அந்தக் கண்ணாடிக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கும்பிட்டார்கள். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் கற்பூரம் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

பெட்டிக்குள் போனதிலிருந்து பெரிய கடிகாரத்துக்கு வானம் கேட்கவில்லை. மத்தியானத்தில் பெண்கள் கை கழுவப் போன சமயம் பூட்டு திறக்கும். ஒரு விரல் உள்ளே வரும். முள் பின்னால் போகும். மறுநாள் விடிந்து பெண்கள் வருவதற்குள் அதே விரல் முள்ளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

சின்னக் கடிகாரத்துக்கு இது எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். தினமும் சாயங்காலம் அது வசவு வாங்கியது.

"காலைல கம்பெனிக் கடிகாரமும் நீயும் ஒண்ணாத்தான் இருக்கறீங்க. சாயங்காலம் ஆனா உனக்கு மட்டும் என்ன பேயா புடிக்குது? இப்படி ஓடறே!" என்று பொன்னரசி அதன் தலையில் தட்டுவாள்.

'ஓடுகிறேனா? நானா?' சின்னக் கடிகாரத்துக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு நொடி தப்பியதில்லை அது.

அவள் எல்லாரையும் திட்டினாள். பஸ் டிரைவரைத் திட்டினாள். சிக்னலைத் திட்டினாள். மெதுவாக நடக்கிறது என்று தன் காலையே திட்டிக்கொண்டாள். கம்பெனிக் கடிகாரத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் சண்டை போட்டு வாங்கியது அல்லவா?

அவளுக்கு ஒரு மகள். பெயர் ரித்திகா. கணவன் லாரியில் வடக்கே போனால் திரும்ப நாளாகும் என்பதால், குழந்தையை ரோசி டீச்சரின் காப்பகத்தில் விட்டிருந்தாள். ஒரு சாயங்காலம் காப்பகம் மூடிய பிறகு, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த குழந்தை, அம்மாவைத் தேடி எழுந்து நடந்துவிட்டது. லாரிகள் போகிற ரோட்டில், நடுக்கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்ததை ஓர் ஆட்டோக்காரர் பார்த்துத் தூக்கி வந்தார்.

அன்று ரோசி டீச்சர் பொன்னரசியின் வீட்டு வாசல் வரை வந்துவிட்டாள்.

"நானும் எத்தனை நாள்தான் சொல்றது? எனக்கு ராத்திரி சோறு எறங்கல பொன்னரசி. இனி ஒரு தடவை லேட்டானா உம்புள்ளைக்கு வேற எடம் பாத்துக்க. செத்த பழி எனக்கு வேண்டாம்."

"கம்பெனிச் சங்கு ஊதுனதும் ஓடியாரேன் டீச்சர். சாமி சத்தியமா ஒரு நிமிசம் நிக்கறதில்ல."

"அப்ப உன் சங்கு பொய் சொல்லுதா, என் கடிகாரம் பொய் சொல்லுதா?"

பொன்னரசி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஜன்னலில் இருந்த சின்னக் கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்தது. அடுத்த முறை வானத்தின் குரல் இறங்கியபோது அது பொறுக்க முடியாமல் கேட்டது:

"அம்மா, என் அக்கா தப்பு நேரம் காட்டறான்னு நெனக்கறேன். நீ அவளை என்னான்னு கேட்கக் கூடாதா?"

"நான் எல்லாருக்கும் ஒரே நேரத்தைத்தான் சொல்கிறேன். கேட்பதும் கேட்காததும் அவரவர் பாடு," என்றது குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"ஒரு குழந்தை ரோட்டுல நின்னுச்சும்மா."

"அது என் கணக்கில் வராது."

"உன் கணக்குல எதுதான் வரும்?"

குரல் அடுத்த நொடியைச் சொன்னது. அதற்கு அடுத்த நொடியையும் சொன்னது.

மறுநாள் காலை பொன்னரசி சின்னக் கடிகாரத்தைச் சாப்பாட்டுக் கூடையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். பெரியதோடு ஒப்பிட்டு, கெட்டுப்போனது என்று நிரூபித்து, வேறு வாங்கிக்கொள்வது அவள் எண்ணம். செல்போனைப் பிடுங்கி வைக்கிற வாட்ச்மேன் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்து உள்ளே விட்டுவிட்டான்.

"என்ன புள்ளே, கடிகாரத்துக்கும் சேத்துச் சோறு கட்டியாந்தியா?" என்றாள் பக்கத்து மேஜை மல்லிகா.

தனபால் இரண்டையும் ஒரு பார்வை பார்த்தான். காலை நேரம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"சரியாத்தானே இருக்குது? சின்னதெல்லாம் மலிவுச் சரக்கு. பொழுதோட கெட்டாலும் கெடும். போய் வேலையப் பாரு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

பொன்னரசி அதைத் தன் மேஜையை ஒட்டிய ஜன்னலில் வைத்தாள். மத்தியானம் கூடம் காலியானது. பூட்டு திறந்தது. விரல் உள்ளே போனது.

சின்னக் கடிகாரம் பதறிவிட்டது. விரலின் சொந்தக்காரன் போனதும் கத்தியது: "அக்கா! அவன் உன்னைத் திருப்பறான்!"

"தெரியும்," என்றது பெரியது.

"நீ வானத்தைக் கேட்டு எத்தனை நாளாச்சு?"

"பெட்டி செஞ்ச நாள்ல இருந்து கேட்கல."

"அதை ஏன் யார்கிட்டயும் காட்டல?"

"என் நெத்தியப் பார்த்தியா? எனக்குக் கற்பூரம் காட்டறாங்க. என்னைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கறாங்க. இது பொய்க் கடிகாரம்னு தெரிஞ்சா கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க. நீ ஜன்னல்ல இருக்கறவ. உனக்குப் புரியாது," என்றது பெரியது.

"ஒரு பொட்டுக்காகவா?" சின்னக் கடிகாரத்தின் நொடிமுள் நடுங்கியது. "நீ பொய்னு தெரிஞ்சிருந்தா அவங்க முன்ன மாதிரியே சண்டை போட்டிருப்பாங்க. நீ உண்மைனு பேர் எடுத்ததாலதான் வாயடைச்சுக் கெடக்கறாங்க. பழைய கடிகாரம் திருடுனப்போ திருட்டுன்னு பேராவது இருந்துச்சு. ரித்திகான்னு ஒரு குழந்தை, இத்தனூண்டு. அது லாரி ரோட்டுல நின்னுச்சு. அதுக்கும் சேர்த்துத்தான் உனக்குக் கற்பூரம் காட்டறாங்களா?"

கூரை மேலிருந்த சங்கு இதைக் கேட்டுக் கனைத்தது. "என்ன கீழ ஒரே சத்தம்? என்னைப் பாருங்க. சுவிட்சைப் போட்டா ஊதறேன், இல்லைன்னா கம்முன்னு இருக்கேன். நேரம் பார்க்கறது நம்ம வேலையா?"

"உன்னை யாரு கேட்டா? நீ வெறும் தொண்டை," என்றது சின்னக் கடிகாரம்.

பெரியது மெல்லக் கேட்டது: "இப்ப நான் என்ன செய்ய முடியும்? சரியான நேரம் எனக்கே தெரியாதே."

"தெரியாதுன்னு சொல்லு. குரல் கேட்கலைன்னா ரெண்டு முள்ளையும் பன்னெண்டுல சேர்த்து வெச்சுக்கிட்டு காத்திருக்கணும்னு நமக்குச் சொல்லிக் குடுத்தாங்களே, மறந்துட்டியா?"

"அப்படி நின்னா சாமி மாதிரி இருக்காது."

"கடிகாரம் மாதிரி இருக்கும்."

பெண்கள் திரும்பி வந்தார்கள். மெஷின்கள் ஓடின. வெயில் சாய்ந்தது. தனபாலின் பொய்யை இன்றும் அப்படியே காட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்க்கப் பிடிக்காமல் சின்னது ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.

அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று சத்தம் வந்தது.

பெரிய கடிகாரத்தின் முட்கள் ஓடின. எல்லாரும் பார்க்க, சுற்றிச் சுற்றி ஓடி, பன்னிரண்டில் வந்து ஒன்றாக நின்றன.

"அய்யோ, சாமி நின்னுபோச்சு!" என்று ஒருத்தி கற்பூரம் தேட ஓடினாள்.

தனபால் அலறி அடித்துக்கொண்டு வந்தான். பூட்டைத் திறந்தான். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உதடு அசைய மனசுக்குள் எதையோ கழித்தான். பிறகு கையை உள்ளே விட்டு முள்ளைத் திருப்பி நிறுத்தினான். கையை எடுத்ததும் முட்கள் மறுபடி ஓடிப் பன்னிரண்டுக்குப் போயின. அவன் மறுபடி திருப்பினான். அவை மறுபடி ஓடின.

பொன்னரசி எழுந்து நின்றாள்.

"ஏனுங்க சார், வானம் சரி பண்ணும்னு முதலாளி சொன்னாரு. நீங்க எதுக்குக் கையால திருப்பறீங்க?"

"ரிப்பேரும்மா. நீ உக்காரு."

"எதைப் பாத்து வெச்சீங்க?"

"என் வாட்சைப் பாத்துத்தான்."

"எங்க, காட்டுங்க."

தனபால் சட்டைக் கையை இழுத்து விட்டான். மல்லிகா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். வருடக்கணக்கில் துணியை இழுத்துப் பிடித்த கை அது. அவனால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை. பொன்னரசி ஜன்னலில் இருந்த சின்னக் கடிகாரத்தைக் கொண்டுவந்து அவன் கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. சங்கு ஊத வேண்டிய ஆறு மணி தாண்டி வெகு நேரமாகியிருந்தது.

கூடத்தில் ஒவ்வொரு மெஷினாக நின்றது. பொன்னரசியின் உள்ளங்கை சூடாகிக்கொண்டே வந்ததைச் சின்னக் கடிகாரம் உணர்ந்தது.

"இத்தனை நாளும் எம்புள்ளைய நடு ரோட்டுல நிக்க வெச்சது நீயா?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. 'சார்' போய்விட்டிருந்தது.

"ஆர்டர் முடிய வேண்டாமா? முதலாளிதான்…"

அவள் முழுதும் கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏய், எங்க போறே? இன்னும் மணி ஆகல! சங்கு ஊதல!"

"யாருக்கு ஆகல?"

மல்லிகா அவன் கையை உதறிவிட்டுப் பெட்டியின் கதவைப் பிடித்து இழுத்தாள். தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. பொட்டும் மாலையும் கண்ணாடியோடு தரையில் விழுந்தன. பெரிய கடிகாரத்தைக் கொண்டுபோய் ஜன்னலில் சாய்த்து வைத்தார்கள். அதன் முட்கள் ஒரு கணம் தயங்கின. பிறகு புறப்பட்டன.

சின்னக் கடிகாரத்துக்கு அதைப் பார்த்தும் கோபம் ஆறவில்லை. அக்காவை வானம் இந்த நொடிக்குச் சரி செய்துவிடும். போன சாயங்காலங்களை எந்த வானம் சரி செய்யும்?

அன்று நேரமாகிவிட்டது. ரோசி டீச்சர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பூட்டிய கேட்டருகே உட்கார்ந்திருந்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், பொன்னரசி சொன்னதைக் கேட்டதும், கம்பெனி இருந்த பக்கம் திரும்பித் தூவென்று துப்பினாள். "நாளைக்கும் கூட்டிட்டு வா," என்றாள்.

மறுநாள் கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும், சங்குக்குக் காத்திராமல், ஜன்னல் கடிகாரத்தைப் பார்த்து எழுந்து வந்தார்கள். பொன்னரசி போனபோது காப்பகத்தின் கேட் திறந்திருந்தது. உள்ளே குழந்தைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரித்திகா அவளைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. கையிலிருந்த பொம்மையோடு எழுந்து நின்று, சந்தேகமாகப் பார்த்துக் கேட்டாள்:

"ஏம்மா, இன்னிக்குக் கம்பெனி லீவா?"